பொன்னாடையோடு ஒரு நாற்காலியும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தொழிலுக்குப் போய்வந்து வலையை ஒதுக்கிவிட்டு வானொலியைத் திருப்பியிருப்பவர்களுக்கும், ஏலம் முடிந்து வீடு திரும்பும் பெண்களுக்கும், தொண்டி தொடங்கி வாலிநோக்கம் வரை இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் என் அன்பு. நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இந்த ராமநாதபுரம் கரையில் பிறந்து படித்து, நர்ஸாகவும் வக்கீலாகவும் இன்ஜினியராகவும் மீன்வளப் பட்டதாரியாகவும் தலையெடுத்து வருகிற நம் பிள்ளைகளை எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் கௌரவிப்பது என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நெடுநாளாக மனசில் கிடப்பதைச் சொல்கிறேன்.

பாராட்டு என்றால் நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வெளியூர் போய், பெரிய பதவிக்கு வந்து, கோயில் திருவிழாவுக்கோ மாதா கொடியேற்றத்துக்கோ கந்தூரிக்கோ ஊர் திரும்பும்போது மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவோம். தப்பில்லை, செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்தப் பிள்ளை ஊரின் துணைக்கு ஏங்கிய காலம் அதற்குப் பத்து வருஷம் முந்தியே போய்விட்டது.

அப்துல் கலாம் ஐயாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1931-ல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர், ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்தவர். 1997-ல் அவருக்குப் பாரத ரத்னா கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். சென்னை எம்.ஐ.டி. இன்ஜினியரிங் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்த சமயத்தில் கட்ட வேண்டிய பணம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். வீட்டில் அவ்வளவு இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தம்பி பிற்பாடு என்னவாக வருவான் என்று அந்த அம்மாவுக்கு அன்றைக்கு என்ன தெரியும்?

அதே மனிதரின் வாழ்க்கையில் இன்னொன்றும் உண்டு. 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி அவர் பொறுப்பேற்றுச் செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. பத்திரிகைக்காரர்கள் கேள்வியோடு காத்திருந்தார்கள். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னார். 1980 ஜூலை 18-ல் அடுத்த ராக்கெட் வெற்றிகரமாகப் போனதும், "நீ போய்ப் பேசு" என்று கலாமை அனுப்பிவைத்தார். தோற்ற அன்றைக்குத் தாங்கிக்கொண்டு, ஜெயித்த அன்றைக்கு ஒதுங்கிக்கொண்டார் தவான். இளையவரைக் கௌரவிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். இதில் பொன்னாடை எங்கே வருகிறது?

சரி, இன்றைக்கு நம் கரையில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்களா? நிறைய இருக்கிறார்கள். நமக்குத்தான் கண்ணில் படுவதில்லை.

தங்கச்சிமடம் பக்கம் ஒரு இளம் வக்கீலை எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்கு அது பிடிக்காது. படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று செய்தி வந்த வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அந்த அம்மா ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். ஆதார், குடும்ப அட்டை, மீனவர் அடையாள அட்டை, ஓரம் மடங்கிய ஜெராக்ஸ்கள். வக்கீல் ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் எழுத்தைப் பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு அட்டையில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. "இதை நாளைக்கே சரிபண்ணிருவோம் அத்தை, பயப்படாதீங்க" என்றார். பிறகு காவல் நீட்டிப்பு என்றால் என்ன என்று நிதானமாக விளக்கினார். அது தண்டனை இல்லை, அடுத்த வாய்தா வரைக்கும் அங்கே வைத்திருப்பார்கள், அவ்வளவுதான் என்று சொன்ன பிறகுதான் அந்த அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

இதிலே எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. பக்கத்தில் அதே தெருவைச் சேர்ந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் காகிதம் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், குடும்பத்துக்கு அரசு தரும் உதவிக்கு எப்படி மனு எழுத வேண்டும் என்று அவர்களுக்கு வக்கீல் பழக்கிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அவர் மதுரை ஐகோர்ட் கிளைக்கு ஒரு கேஸ் விஷயமாகப் போய்விட்டாலும் அந்தத் தெருவில் வேலை நிற்காது. யாருக்கு விருது கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், தான் இல்லாத நாளிலும் வேலை நடக்கும்படி செய்து வைத்திருக்கிறாரா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். எத்தனை முகாம் நடத்தினார், எத்தனை போட்டோ பேப்பரில் வந்தது என்பதெல்லாம் அப்புறம்.

இந்த இடத்தில் பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களைச் சொல்லாமல் போனால் பாவம். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறவர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ஐயும் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, அவர்கள் பிழைப்புக்கும் கடல் பாதுகாப்புக்கும் இடையில் பெரிய இழுபறி வந்தது. அப்போது அந்தப் பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும்தான் கடலில் இறங்குவது, பவளப்பாறையை இரும்பால் சுரண்டுவதில்லை என்று கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். வயிற்றுப்பாட்டுக்குக் கடலில் இறங்குகிறவர்களை, இன்றைக்கு இறங்க வேண்டாம் என்று சம்மதிக்க வைப்பது லேசுப்பட்ட காரியமா? அவர்களை முன்நின்று நடத்திய லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் தீவுகளின் இயற்கையைக் காக்கப் பாடுபடும் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு தன் பரிசை வழங்கியது. பத்தாயிரம் டாலர். நம் கரையின் தலைமைக் குணத்தைக் கலிபோர்னியாவில் இருக்கிறவர்கள் கண்டுபிடித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷமும் உண்டு, கொஞ்சம் ஆற்றாமையும் உண்டு.

அதனால் சொல்கிறேன்: இளையவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பாசி எடுக்கும் பெண் ஒருவர் கட்டாயம் உட்கார வேண்டும். மீன் விற்கும் பெண் ஒருவர் வேண்டும். யார் உண்மையில் ஓடிவந்து உதவினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். விண்ணப்பப் படிவத்துக்குத் தெரியாது.

படிவம் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். தமிழக அரசு ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் முதலமைச்சரின் மாநில இளைஞர் விருது வழங்குகிறது. 15 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்களில் 3 ஆண்கள், 3 பெண்கள். நல்ல விருது, நம் பிள்ளைகள் தயங்காமல் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அரசு ஊழியர்களும், பள்ளி கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்களும் அதற்கு விண்ணப்பிக்க முடியாது என்பது விதி. அதற்கு நியாயம் இருக்கலாம். அப்படியானால் புயல் எச்சரிக்கை வந்த ராத்திரி பிரசவ தேதி நெருங்கிய பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்த கிராம சுகாதார செவிலியரை யார் கௌரவிப்பது? கடலோரப் பள்ளியில் இடைநின்ற பையன்களைப் படகிலிருந்து திரும்பக் கூட்டிவந்த இளம் ஆசிரியரை? ஊர்தான் செய்ய வேண்டும். ஊருக்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

எப்போது செய்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறிக் கிடக்கும். பெயிண்ட் அடிப்பதும் வலை பின்னுவதுமாக ஆண்கள் ஊரில் இருக்கும் காலம் அதுதான். கல்லூரிப் பிள்ளைகளும் லீவுக்கு வந்துவிடுவார்கள். அந்தச் சமயத்தில் வைத்தால் ஊரே உட்கார்ந்து கேட்கும். பெயரைச் சொல்ல வேண்டியது உதவி பெற்றவர்கள். தனக்காகத் தானே சான்றிதழ் சேர்த்துக்கொண்டு அலைய, வேலை செய்கிற பிள்ளைக்கு நேரம் ஏது?

பரிசு என்ன கொடுப்பது என்றும் கேட்கிறார்கள். பொன்னாடை போர்த்துங்கள், புத்தகம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஒரு நாற்காலியும் கொடுங்கள். பெரும்பாலான கடற்கரை ஊர்களில் ஊர்க்கமிட்டியில் உட்காருவது வயதில் மூத்த ஆண்கள்தான். அந்த வருஷம் கௌரவிக்கப்பட்ட பிள்ளையை, ஆணோ பெண்ணோ, ஒரு வருஷத்துக்குக் கமிட்டியில் உட்கார வையுங்கள். பேச மட்டுமல்ல, ஒரு வேலையை அவர் பொறுப்பில் முழுசாக விடுங்கள், கொஞ்சம் பணத்தோடு. மீன்வளம் படித்த பெண்ணிடம் ஐஸ் வீணாவதைத் தடுக்க வழி கேளுங்கள். கடலில் மிதக்கும் வலைத்துண்டுகளைத் திரும்ப எடுக்கும் வேலையை இன்ஜினியர் பையனிடம் கொடுங்கள். முதல் தடவை சரியாக வராமல் போகலாம். அப்போது பெரியவர் ஒருவர் எழுந்து, "இது என் பொறுப்பு, அவனைக் கேட்காதீங்க" என்று சொல்ல வேண்டும். தவான் செய்தது அதுதானே.

2018-ல் மத்திய அரசு, வளர்ச்சியில் பின்தங்கியிருப்பவற்றை முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று நாடு முழுவதும் நூற்றுக்கும் மேலாகப் பட்டியலிட்டபோது, தமிழ்நாட்டில் அதில் வந்தவை இரண்டே. ஒன்று விருதுநகர், இன்னொன்று நம் ராமநாதபுரம். அதற்குப் பிறகு 2022-ல் நமக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. இங்கேயே படித்து டாக்டராக வெளிவரும் பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகட்டும், தடுக்க நாம் யார்? ஆனால் நாலு பேராவது இங்கேயே இருந்து பார்ப்போம் என்று நினைக்க வேண்டும் என்றால், இருபத்தைந்து வயதிலேயே இந்த ஊர் தன்னை ஆளாக மதிக்கிறது என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஊர்த் தலைவர்கள், சங்கப் பொறுப்பாளர்கள், ஜமாஅத் பெரியவர்கள், பங்குப் பேரவையினர் எல்லாரையும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற தடைக்காலத்துக்குள் உங்கள் ஊரில் ஒரு பெயரையாவது முடிவு செய்யுங்கள். வீட்டில் இருக்கும் அக்காமார்களே, ஆத்தாமார்களே, உங்களுக்கு ஆபத்தில் கை கொடுத்த பிள்ளை யார் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.