உபுண்டு மேம்படுத்தியபின் போஸ்ட்கிரெஸ் காட்டும் கொலேஷன் எச்சரிக்கை: மறைக்காதீர்கள், இன்டெக்ஸை மறுபடி கட்டுங்கள்

[திரை: டெர்மினலில் எச்சரிக்கை வரிகள்]

குரல்: சர்வர் உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறிவிட்டது. டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 16 ஓடுகிறது, பில்லும் போடமுடிகிறது. ஆனால் டேட்டாபேஸுக்குள் நுழையும்போதெல்லாம் கொலேஷன் (எழுத்து வரிசை விதி) வெர்ஷன் பொருந்தவில்லை என்று வருகிறது: உருவாக்கியபோது 2.35, இப்போது 2.39.

இவை ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் பதிப்பு எண்கள். எந்தச் சொல் முன்னால், எது பின்னால் என்ற வரிசை விதியை போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் அங்கிருந்துதான் வாங்குகிறது. இயங்குதளம் மாறினால் விதியும் மாறலாம். டிஸ்கில் இருக்கும் இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் வரிசைப்பட்டியல்) மட்டும் பழைய வரிசையிலேயே கிடக்கும்.

[திரை: இரண்டு பட்டியல்கள், பக்கத்தில் பக்கம்]

குரல்: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக்கடை என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் குறியீடுகளில் "1-1" ஒன்று, "11" ஒன்று. அமெரிக்க ஆங்கில லொகேலில் (மொழி, நாட்டு அமைப்பில்) பழைய ஜிலிப்சி 11-ஐ முதலில் வைக்கும். 2018-இல் வந்த 2.28 முதல் 1-1 முன்னால் வரும். பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸில் புதிய விதிப்படி தேடினால் தேடல் தவறான கிளையில் இறங்கும். 1-1 குறியீடு கொண்ட மேலூர்க் கடைக்காரர் டேபிளில் இருப்பார், தேடினால் கிடைக்கமாட்டார். கவுன்டரில் இருப்பவர் அவரைப் புதிதாகச் சேர்ப்பார், ஒரே குறியீடு இரண்டு முறை வராமல் காக்கவேண்டிய யுனிக் இன்டெக்ஸும் தடுக்காது. ஒரே ஆளுக்கு இரண்டு பாக்கிக் கணக்கு!

2.35-க்கும் 2.39-க்கும் நடுவே அவ்வளவு பெரிய மாற்றம் இல்லை. அதற்காக உங்கள் தரவு தப்பித்தது என்று நம்பிவிட முடியாது. உபுண்டு 18.04-இலிருந்து 20.04-க்குப் போனவர்கள் ஜிலிப்சி 2.27-இலிருந்து 2.31-க்குத் தாவி, அந்தப் பெரிய மாற்றத்தையே கடந்தவர்கள். டேட்டாபேஸின் கொலேஷன் பதிப்பைக் குறித்துவைக்கும் வசதி போஸ்ட்கிரெஸ் 15-இல்தான் வந்தது. அதனால் அவர்களுக்கு இந்த எச்சரிக்கைகூட வந்திருக்காது.

[திரை: எச்சரிக்கையின் கடைசி வரி, சிவப்பு வட்டம்]

குரல்: இங்கே கவனம். இந்த வரியில் இருக்கும் "ரெஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன்" கட்டளையை மட்டும் எடுத்து ஓட்டாதீர்கள். அது பதிவான எண்ணை மாற்றும், அவ்வளவுதான். எச்சரிக்கை போய்விடும், கெட்ட இன்டெக்ஸ் அப்படியே இருக்கும்.

முதலில் பேக்கப். பிறகு இன்டெக்ஸைச் சோதிக்கும் ஆம்செக் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, ஒவ்வொரு பி-ட்ரீ (வழக்கமான வகை) இன்டெக்ஸிலும் "பிடி இன்டெக்ஸ் செக்" ஓட்டுங்கள். இதைக் கடை நடக்கும்போதே செய்யலாம். அடுத்தது இன்டெக்ஸ்களை மறுபடி கட்டும் "ரீஇன்டெக்ஸ் டேட்டாபேஸ்". இது டேபிள்களில் எழுதுவதை நிறுத்திவைக்கும், ஆகவே ஷட்டர் இறக்கியபின் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி சீசனில் வேண்டவே வேண்டாம். நிறுத்தவே முடியாத சர்வர் என்றால் "கன்கரன்ட்லி" சேர்க்கலாம். அதற்கு டிஸ்கில் கூடுதல் இடம் வேண்டும். நடுவில் தோற்றால் "சிசிநியூ" என்று முடியும் செல்லாத இன்டெக்ஸ் மிஞ்சும், அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

யுனிக் இன்டெக்ஸைக் கட்ட முடியவில்லை என்று நின்றால், இரட்டைப் பதிவுகள் ஏற்கெனவே நுழைந்துவிட்டன. அவற்றைத் தேடும்போது இன்டெக்ஸ் ஸ்கேன், இன்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் மூன்றையும் அந்த செஷனில் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கெட்ட இன்டெக்ஸே பதில் சொல்லும். எந்தப் பதிவை வைப்பது என்பதைக் கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.

எல்லாம் முடிந்தபின்தான் ரெஃப்ரெஷ். புதிய டேட்டாபேஸ்களுக்கு அச்சாக இருக்கும் "டெம்ப்ளேட்1"-க்கும் மறக்காமல் செய்யுங்கள், விட்டால் புதிய டேட்டாபேஸ் உருவாக்கும்போது பிழை வரும்.

[திரை: இரண்டு சர்வர்கள், ஒரு கன்டெய்னர்]

குரல்: ஸ்ட்ரீமிங் ரெப்ளிக்கா (முதன்மை சர்வரை உடனுக்குடன் நகலெடுக்கும் இரண்டாவது சர்வர்) இருந்தால் இரண்டு சர்வரையும் சேர்த்தே மேம்படுத்துங்கள். ரெப்ளிக்காவில் தனியாக ரீஇன்டெக்ஸ் செய்ய முடியாது. டாக்கர் கன்டெய்னரிலும் இதே சிக்கல் உண்டு: இமேஜின் அடித்தளமான இயங்குதளம் டெபியன் 12-இலிருந்து 13-க்கு மாறினால் ஜிலிப்சி 2.36-இலிருந்து 2.41 ஆகிவிடும். இமேஜின் டேக்கில் (பதிப்புக் குறியில்) போஸ்ட்கிரெஸ் எண்ணோடு டெபியன் பெயரையும், புக்வோர்ம் அல்லது ட்ரிக்ஸி என்று, சேர்த்தே எழுதுங்கள்.