விளையாட்டு பாதி, பேச்சு பாதி

நேயர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் ரசிகர்களின் வெட்டிப்பேச்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தப் பேரை அவர்களேதான் வைத்துக்கொண்டார்கள். எந்த ஆயுதம் நல்லது, எந்தக் கட்டத்தை எப்படித் தாண்டுவது என்பதற்கெல்லாம் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள். அதை விட்டுவிட்டு, எதைப் பற்றியும் பேசலாம் என்று திறந்துவிட்ட இடத்தில் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். தூக்கம் வராதது, பார்த்த படம், பூனைக்கு என்ன பேர் வைப்பது, எந்தக் கேமில் இசை அருமை என்று பேச்சு எங்கெங்கோ போகும். நடுவில் ஒரு சண்டை கிளம்பும், அடங்கும். கேமை விட்டுவிட்ட பிறகும் ஆட்களை ஒருவரோடொருவர் சேர்த்து வைத்திருப்பது இந்தப் பேச்சுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது எங்கிருந்து வந்தது? காத்திருப்பதிலிருந்து வந்தது. 1999-ல் வெளியான எவர்குவெஸ்ட் என்ற ஆன்லைன் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதியாக ஆடுகிறவருக்கு ஒன்றிரண்டு சண்டையிலேயே மந்திரசக்தி தீர்ந்துவிடும். உட்கார்ந்தால்தான் ஏறும், அதுவும் மெதுவாக. ஆரம்ப காலத்தில் அப்படி உட்கார்ந்ததும் மந்திரப் புத்தகம் விரிந்து, எதிரே இருக்கும் காட்சி முழுவதையும் மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரிவது அந்தப் புத்தகமும், கூடவே ஓடும் அரட்டை வரிகளும்தான். வேறென்ன செய்வார்கள்? பேசினார்கள். ஒரு அரக்கனைக் கொன்றால் அடுத்தவன் முளைத்து வரும் வரை அதே இடத்தில் காவல் இருக்க வேண்டும். அப்போதும் பேசினார்கள். வேலை, வீடு, படிப்பு எல்லாம் அந்த இடைவெளிகளில்தான் வெளியே வந்தன.

அப்புறம் 2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேம் வந்தது. அதில் பேரன்ஸ் என்று ஒரு வறண்ட பெருவெளி உண்டு. ஹோர்ட் அணியில் சேர்ந்த புதியவர்களில் மிகப் பலர் அங்கேதான் நெடுநேரம் நடந்து திரிவார்கள். அந்தப் பகுதியில் ஒருவர் பொது அரட்டையில் எழுதினால் அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பேரன்ஸ் அரட்டை என்று சொன்னாலே பழைய ஆட்களுக்கு இன்றும் சிரிப்பு வரும். ஹாலிவுட் அதிரடி நடிகர் சக் நோரிஸைப் பற்றிய ஜோக்குகள் முடிவில்லாமல் ஓடும். நடுவில் யாராவது ஒருவர், "மான்கிரிக்கின் மனைவி எங்கே?" என்று கேட்பார். மான்கிரிக் என்ற பாத்திரம், சண்டையில் காணாமல்போன தன் மனைவியைத் தேடித் தரச் சொல்வார். துல்லியமான இடத்தைச் சொல்ல மாட்டார். அன்றைய வரைபடமும் இடத்தைக் குறித்துக் காட்டாது. அதனால் நாள் முழுவதும் ஒவ்வொரு புதியவரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். சிலர் உண்மையான வழி சொன்னார்கள், சிலர் வேண்டுமென்றே சுற்றவிட்டார்கள், இன்னும் சிலர் கேள்வியையே பாட்டாக்கினார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தார்கள். அந்த வடிவமைப்பில் இருந்த ஒரு குறைதான் இத்தனை பேரையும் பேசவைத்தது.

2009 டிசம்பரில் அதே கேமில், பொத்தானை அழுத்தினால் வேறு வேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேரைத் தானாகச் சேர்த்துக் குகைக்குள் அனுப்பிவிடும் வசதி வந்தது. மான்கிரிக் கொடுத்ததுபோன்ற தேடல் வேலைகளுக்கான இடங்களும் வரைபடத்திலேயே தெரிய ஆரம்பித்தன. நேரம் மிச்சமானது உண்மை. வேலைக்குப் போய்விட்டு வந்து ஒரு மணி நேரம் மட்டும் ஆட முடிந்தவர்களுக்கு அது பெரிய உதவி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐந்து பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டத்தை முடித்துவிட்டுக் கலைந்துபோவதும் அப்போதிலிருந்து சகஜமாகிவிட்டது. மறுபடி சந்திக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு யார் பேச்சைத் தொடங்குவார்? பேச்சு கேமுக்கு உள்ளேயிருந்து வெளியே நகர்ந்தது. கேம் ஆடுகிறவர்களை மனத்தில் வைத்து 2015-ல் வந்த டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி அத்தனை வேகமாகப் பரவியதில் எனக்கு வியப்பே இல்லை. அந்தப் பேச்சுக்கு ஒரு இடம் தேவைப்பட்டது.

சரி, என்னதான் வாதாடுகிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த வாதம் ஒன்றைச் சொல்கிறேன். கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரில் குச்சியை மேலே தள்ளினால் திரையில் பார்வை மேலே போக வேண்டுமா, கீழே போக வேண்டுமா? மேலே என்றால் மேலேதானே என்று பலர் சொல்வார்கள். ஒரு கூட்டம் ஒப்புக்கொள்ளவே ஒப்புக்கொள்ளாது. விமானத்தில் பிடியைத் தன் பக்கம் இழுத்தால் மூக்கு மேலே எழும்பும், முன்னால் தள்ளினால் தாழும். விமான ஓட்டக் கேம்களில் கை பழகியவர்களுக்கு அதுவே இயல்பு. இன்னும் சிலர், அந்தக் குச்சி பாத்திரத்தின் உச்சந்தலையில் நட்டிருப்பதாக நினைத்துப் பாருங்கள் என்பார்கள். பின்னால் இழுத்தால் முகம் மேலே நிமிரும், சரிதானே? 2001-ல் வந்த ஹேலோ என்ற துப்பாக்கிச் சண்டைக் கேம் இதை அழகாகக் கையாண்டது. ஆரம்பக் காட்சியில் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் மேலேயும் கீழேயும் உள்ள விளக்குகளைப் பார்க்கச் சொல்வார். உங்கள் கை எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்து, உங்களுக்கு எந்த முறை ஒத்துவரும் என்று கேம் கண்டுகொள்ளும். எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு கூட்டத்துக்கும் வழிவிட்டது. வாதம் என்னவோ இன்னும் ஓயவில்லை, ஓயவும் வேண்டாம். இதில் தோற்றவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அடுத்தவர் கை வேறு விதமாக இயங்குகிறது, அவர் உலகத்தை வேறு கோணத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரியவரும். ஒரு மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ள இது சின்ன விஷயமா?

சில வாதங்களில் கல்வியே நடக்கும். கேம் திரையில் ஒரு நொடிக்கு 30 ஃபிரேமா, அதாவது 30 படமா, 60 ஃபிரேமா என்ற சண்டையில் யாராவது ஒருவர், மனிதக் கண்ணுக்கு 24-க்கு மேல் தெரியாது என்று அடித்துப் பேசுவார். பொறுமையான இன்னொருவர் வந்து விளக்குவார். 24 என்பது பேசும் படங்கள் வந்த காலத்தில் சினிமாவுக்கு நிலைத்த கணக்கு. கேமராவில் பதியும் ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைவின் மங்கல் சேர்ந்திருப்பதால் கண் அதைத் தொடர்ச்சியாக ஏற்கிறது. கேமிலோ நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள், பதில் திரையில் வர வேண்டும். 30 ஃபிரேம் என்றால் படத்துக்குப் படம் சுமார் 33 மில்லிநொடி, 60 என்றால் சுமார் 17. அந்த வித்தியாசத்தைக் கண் கவனிக்காவிட்டாலும் விரல் கவனிக்கும். கண்ணைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் இப்படிச் சண்டை போட்டே தெரிந்துகொண்டவர்கள் ஏராளம்.

காத்திருக்கும் நேரத்து நையாண்டி தனி வகை. ஹாஃப்-லைஃப் 2 என்ற கேமின் இரண்டாம் எபிசோட் 2007-ல் பாதிக் கதையில் நின்றது. அன்றிலிருந்து எங்கே மூன்று என்ற எண்ணைக் கண்டாலும், மூன்றாம் பாகம் உறுதியாகிவிட்டது என்று ஒருவர் கத்துவார். ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) என்ற கேம் வரிசையில் ஐந்தாம் பாகம் 2013-ல் வந்தது. ஆறாம் பாகத்தின் முதல் டிரெய்லர் 2023 டிசம்பரில்தான் வந்தது. நடுவில் உலகத்தில் என்ன நடந்தாலும், ஜிடிஏ ஆறுக்கு முன்னால் இதையும் பார்த்துவிட்டோம் என்பது ஒரு பல்லவியாகிவிட்டது. 2019-ல் அறிவித்த சில்க்சாங் என்ற கேம் 2025 செப்டம்பரில் கைக்கு வரும் வரை, ஒவ்வொரு அறிவிப்பு விழாவுக்கும் அதன் ரசிகர்கள் கோமாளி வேஷப் படங்களைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். ஏமாற்றத்தைச் சேர்ந்து சுமக்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது.

கன்சோல், அதாவது டிவியில் இணைத்து ஆடும் கருவி, எந்த நிறுவனத்துடையது உசத்தி என்ற சண்டை மட்டும் எனக்கு அலுப்பூட்டுகிறது. 1990-களில் சேகாவா, நிண்டெண்டோவா என்று பிள்ளைகள் நட்பையே முறித்துக்கொண்டார்கள். விளம்பரக்காரர்கள்தான் அதைத் தூண்டிவிட்டார்கள். 2001-ல் சேகா கன்சோல் தயாரிப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு முடிவதற்குள் சேகாவின் செல்லப் பாத்திரமான சோனிக் நிண்டெண்டோ கருவிகளில் ஓடத் தொடங்கிவிட்டது. நிறுவனங்கள் கைகுலுக்கிக்கொண்ட பிறகும் ரசிகர்கள் திட்டிக்கொள்வதில் எனக்குச் சுவை தெரியவில்லை.

கடினமான கேம்களில் எளிய முறை வேண்டுமா என்ற வாதம் அப்படிப்பட்டதல்ல. 2019-ல் செகிரோ என்ற கடினமான கேம் வந்தபோது அது உச்சத்துக்குப் போனது. போராடி ஜெயிப்பதுதான் அந்தக் கேமின் உயிர் என்றார்கள் ஒரு பக்கம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் கை சரியாக இயங்காதவர்கள், பார்வை குறைந்தவர்கள் தங்கள் நிலையைச் சொன்னபோது, திறமையை வளர்த்துக்கொள் என்று அவர்களிடமே சொன்னவர்கள் இருந்தார்கள். அது வாதம் இல்லை, கொடுமை. அதற்கு முந்தைய ஆண்டே செலஸ்ட் என்ற கடினமான கேம், ஆட்ட வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் உதவி முறையோடு வந்துவிட்டது. அதனால் யாருடைய வெற்றிக்கும் மதிப்புக் குறையவில்லை. கேமைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்த இடத்தில் யாராவது ஒருவர் நிறுத்து என்று சொல்ல வேண்டும்.

இதைச் சொல்லும்போது நார்வேயைச் சேர்ந்த மேட்ஸ் ஸ்டீன் நினைவுக்கு வருகிறார். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டூஷென் நோய் அவருக்கு. சக்கர நாற்காலியில் இருந்தபடி வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இபெலின் என்ற பேரில் ஆடினார். ஸ்டார்லைட் என்ற கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், இருந்தார். கூட ஆடியவர்களுக்கு அவருடைய நோய் நெடுங்காலம் தெரியாது. 2014 நவம்பரில், 25 வயதில் இறந்துபோனார். மகன் நண்பர்களே இல்லாமல் தனிமையில் வாழ்ந்துவிட்டானே என்று பெற்றோர் கலங்கியிருந்தார்கள். மகனுடைய வலைப்பதிவில் அப்பா இறப்புச் செய்தியைப் போட்டார். பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன. கணினியைப் பெற்றோர் பறித்துக்கொண்டதால் தவித்த ஒரு பெண்ணுக்காக அந்தப் பெற்றோருக்கே மேட்ஸ் கடிதம் எழுதியிருந்தார். தன் மகனோடு நெருங்க வழி தெரியாமல் இருந்த ஒரு தாய்க்கு, கேமுக்குள் அவனைச் சந்தித்துப் பேச வழிகாட்டியிருந்தார். கில்டைச் சேர்ந்த சிலர் வேறு நாடுகளிலிருந்து ஆஸ்லோவுக்கு வந்து இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார்கள்.

அவர்கள் எல்லோரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது எது? சேர்ந்து கொன்ற அரக்கர்களா? சண்டைகளுக்கு நடுவே கேமுக்குள் மூட்டிய தீயைச் சுற்றி உட்கார்ந்து, ஒன்றுமில்லாததைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசிய பேச்சு. அப்படிப் பேசிப் பழகிய பிறகுதான் ஒருவர் தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்கிறார். நேரடியாக வந்து உன் துயரம் என்ன என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். பூனைப் பேரில் தொடங்கி, குச்சியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று சண்டை போட்டு, மெதுவாகத்தான் அந்த இடத்துக்கு வர முடியும்.

அதனால் கில்டோ குழுவோ நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஒழுங்குக்காக, சத்தம் குறையட்டும் என்று, வெட்டிப்பேச்சுப் பகுதியை மூடிவிடாதீர்கள். புதிதாக வந்தவர் கேட்ட கேள்வியையே கேட்டால், இது நூறு தடவை பேசியாகிவிட்டது என்று கதவைச் சாத்தாமல் நூற்றியோராவது தடவையும் பேசுங்கள். அவருக்கு அது முதல் தடவை. கிண்டலை யார் தாங்குகிறார், யாருக்கு வலிக்கிறது என்று கவனியுங்கள். தினமும் வந்து பேசுகிறவர் ஒரு வாரமாகக் காணவில்லை என்றால், ஒரு வரி எழுதி விசாரியுங்கள். ஆட்டம் முடிந்ததும் உடனே வெளியேறாமல் ஐந்து நிமிடம் இருங்கள், எந்தக் கேம் இசை அருமை என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

நன்றி, வணக்கம்.