ஊசி ஏற்றிய பிறகு கேட்கப்படும் கேள்வி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"மரண தண்டனைக் கைதியின் கடைசி வார்த்தைகள் அந்தத் தண்டனைக்கு நியாயம் சேர்க்கின்றனவா, அதைக் கேள்விக்கு உள்ளாக்குகின்றனவா?" என்பது தலைப்பு. நியாயம் சேர்க்கின்றன என்று எனக்கு முன் பேசிய நண்பர், பயிரைக் காக்கக் களையைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றார்; சாகும் நேரத்தில் மன்னிப்புக் கேட்டவர்களை எல்லாம் எடுத்துக்காட்டி, அவர்களைத் திருத்தியது தண்டனைதானே என்று கைதட்டலும் வாங்கிக்கொண்டார். அந்த மன்னிப்புகள் நடிப்பு என்று நான் வாதிடப் போவதில்லை. அந்த வார்த்தைகள் எந்த நேரத்தில் கேட்கப்படுகின்றன, கேட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதை மட்டும் பாருங்கள் என்கிறேன்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹன்ட்ஸ்வில் நகரத்துச் செங்கல் மதில் சிறையில், 1982 டிசம்பர் 7 அன்று உலகிலேயே முதல்முறையாக விஷ ஊசியால் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்று முதல் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கொல்லப்பட்டிருக்கிறார்கள். கைதியைக் கட்டிலில் வார்களால் பிணைக்கிறார்கள். நரம்பில் ஊசி ஏற்றுகிறார்கள், விஷம் இன்னும் செலுத்தவில்லை. அதன் பிறகுதான் சாட்சிகளை உள்ளே விடுகிறார்கள். கொலையுண்டவரின் குடும்பம் ஒரு கண்ணாடிக்குப் பின்னால், கைதியின் குடும்பம் இன்னொரு கண்ணாடிக்குப் பின்னால். முகத்துக்கு மேலே ஓர் ஒலிவாங்கி. எல்லாம் தயாரான பின்பு, ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று சிறைக் கண்காணிப்பாளர் கேட்கிறார். சொன்னவற்றைச் சிறைத்துறை தன் இணையதளத்தில் வெளியிட்டு வைத்திருக்கிறது. சொல்ல மறுத்தவர்களின் பெயருக்கு நேரே, மறுத்துவிட்டார் என்றே குறித்திருக்கிறது. ஊசி ஏறிய பிறகு கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் அடுத்து நடப்பது மாறாது என்பதுதான் என் வாதத்தின் அடிப்படை.

கேமரன் டாட் வில்லிங்ஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 டிசம்பர் 23 அன்று கார்சிகானா என்ற ஊரில் அவர் வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகளும் இறந்தார்கள். தரையிலிருந்த கருகல் தடங்களைப் பார்த்த புலனாய்வாளர்கள், அவரே எரிபொருள் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார் என்றார்கள். 2004 பிப்ரவரி 17 அன்று, கட்டிலில் கிடந்தபடி, "நான் நிரபராதி, செய்யாத குற்றத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் துன்புறுத்தப்பட்டேன்" என்றார். அந்தத் தடங்கள் தீவைப்புக்குச் சான்றாகா என்று சொல்லும் நிபுணர் அறிக்கை ஒன்று அதற்குள் ஆளுநர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தது, தண்டனை நிற்கவில்லை. 2009-இல், மாநிலத் தடயவியல் ஆணையம் நியமித்த நிபுணரும், தீவைப்பு என்ற முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று எழுதினார். நடுவர் அவர்களே, எதிரணிக்கு நானே ஒன்றை எடுத்துக் கொடுக்கிறேன்: வில்லிங்ஹாம் தம் பேச்சின் முடிவில் முன்னாள் மனைவியைக் கெட்ட வார்த்தைகளால் திட்டவும் செய்தார். சிறைத்துறை அந்தப் பகுதியை, ஆபாசச் சொற்கள் இருப்பதால் நீக்கப்பட்டது என்ற குறிப்போடு நீக்கிவிட்டது. வசைச் சொல் அவ்வளவு துல்லியமாகக் காதில் விழுந்திருக்கிறது! களை என்று பிடுங்கியது களைதானா என்று என் நண்பர் இந்த ஒரு வழக்கிலாவது சொல்லட்டும்.

கொலையுண்டவருக்குக் கடைசி வார்த்தை சொல்ல அவகாசம் கிடைத்ததா என்று எதிரணித் தலைவி கேட்டார். நியாயமான கேள்வி, இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்வது பாவம். 1998-இல் ஜாஸ்பர் என்ற ஊரில் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை மூன்று வெள்ளையர்கள் வண்டியின் பின்னால் சங்கிலியால் பிணைத்து இழுத்தே கொன்றார்கள். அவர்களில் ஒருவனான லாரன்ஸ் புரூவர் 2011 செப்டம்பர் 21 அன்று, சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் செத்தான். திருந்தவும் இல்லை, வருந்தவும் இல்லை. தண்டனை திருத்தும் என்ற வாதம் அந்தக் கட்டிலில் என்ன ஆனது? இத்தனைக்கும், தந்தையைப் பறிகொடுத்த ராஸ் பேர்ட், புரூவரைக் கொல்ல வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னவர். புரூவர் ஏராளமாக உணவு கேட்டு வாங்கி, தொடாமலே விட்டான் என்பதற்காகக் கைதி விரும்பிய கடைசிச் சாப்பாடு என்ற வழக்கத்தையே டெக்சஸ் நிறுத்தியது. வீணான சோற்றுக்கு உடனே விதி மாறியது. இறந்தவரின் மகன் சொன்னதற்கு எதுவும் மாறவில்லை.

இனி, நண்பர் பெருமையோடு சொன்ன மன்னிப்புக்கே வருகிறேன். நெப்போலியன் பீஸ்லி 1994-இல் ஒரு காருக்காக ஒருவரைச் சுட்டுக் கொன்றபோது அவருக்கு வயது பதினேழு. 2002 மே 28 அன்று மரண தண்டனை நிறைவேறியது. தண்டனையைக் குறைக்கும்படி, விசாரித்த நீதிபதியே ஆளுநருக்கு எழுதியும் பயனில்லை. பீஸ்லி எழுதி வைத்துச் சென்ற அறிக்கையில், தாம் செய்தது கொடூரமானது மட்டுமல்ல, அர்த்தமற்றது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, "ஆனால் அதைச் செய்த ஆள் இப்போது இங்கே இல்லை, நான்தான் இருக்கிறேன்" என்றார். அவர் இறந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை; 2005 மார்ச் 1 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், பதினெட்டு வயதுக்குள் குற்றம் செய்தவருக்கு மரண தண்டனை கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு முன்பே வந்திருந்தால் பீஸ்லி அந்தக் கட்டிலுக்கே போயிருக்க மாட்டார். இப்படி எழுதி வைக்கும் அறிக்கைகளைச் செய்தியாளர்களுக்குத் தரும் வழக்கத்தையும் 2019-இல் டெக்சஸ் விட்டுவிட்டது. கடைசி வார்த்தையில் தண்டனைக்கு நியாயம் கிடைப்பது உண்மையென்றால், அதை ஏன் மூடி வைக்க வேண்டும்?

எனக்கு அடுத்து எழுகிற எதிரணி நண்பரிடம் கேட்க ஒன்றே ஒன்று உள்ளது. மன்னிப்புக் கேட்டவர் உண்மையாகவே திருந்திவிட்டார் என்பது உங்கள் கட்சி. அப்படியானால், 2002 மே 28 மாலை அந்தக் கட்டிலில் கிடந்தவர் பீஸ்லி சொன்ன இரண்டு பேரில் யார்?