கதை நகராத பக்கங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஓவியம் கற்பிப்பவள். வகுப்புக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் காட்டும் புத்தகங்களில் இப்போது பெரும்பாலானவை ஜப்பானியச் சித்திரக்கதைகள், அதாவது மாங்கா. அவையே அசையும் படங்களாக வரும்போது அனிமே. "இது உனக்கு ஏன் பிடித்திருக்கிறது?" என்று கேட்பேன். சிலவற்றுக்குச் சட்டென்று பதில் வரும். சண்டைக் காட்சி என்பார்கள், நாயகனின் பிடிவாதம் என்பார்கள். வேறு சிலவற்றைக் கேட்டால் தடுமாறுவார்கள். "தெரியவில்லை மிஸ், பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது" என்பார்கள். கொஞ்சம் வெட்கத்தோடு சொல்வார்கள், ஏதோ பாடம் படிக்காமல் வந்துவிட்டதைப் போல.

அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படிப் பிடித்துப்போன கதைகள் எனக்கும் உண்டு. அவற்றில் மூன்றைப் பற்றி இன்று சொல்கிறேன். காரணம் தெரியவில்லை என்று நாம் சொல்வது ஏன் என்பதையும் யோசித்து வைத்திருக்கிறேன். ஒன்று ஏன் பிடிக்கிறது என்று யாராவது கேட்டால் நாம் உடனே கதைக்குள் போய்க் காரணத்தைத் தேடுகிறோம். இந்த வகைப் படைப்புகளில் காரணம் அங்கே இருப்பதில்லை. தேடும் இடம் வேறு.

முதலில், ஹிதோஷி அஷினானோ எழுதி வரைந்த 'யோகோஹாமா கய்தாஷி கிகோ'. 'ஆஃப்டர்நூன்' என்ற மாத இதழில் 1994 முதல் 2006 வரை வந்தது, 14 தொகுதிகள். கடல்மட்டம் உயர்ந்து கரையோர ஊர்கள் மூழ்கிவிட்ட காலம். மனிதர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மியூரா தீபகற்பத்தில் ஆளரவமற்ற ஓரிடத்தில் ஒரு காபிக் கடை. அதை நடத்துகிற ஆல்ஃபா மனிதப் பெண் அல்ல, ரோபோ. கடையின் சொந்தக்காரர் அவளை விட்டுவிட்டு எங்கோ பயணம் போய்விட்டார். வாடிக்கையாளர் வந்தால் அதிசயம். காபிக் கொட்டை வாங்க ஸ்கூட்டரில் யோகோஹாமா போவாள், திரும்பி வருவாள். பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் பெரியவரோடு பேசிக்கொண்டிருப்பாள்.

கதை இவ்வளவுதான். உலகம் ஏன் இப்படி ஆனது என்று ஆசிரியர் கடைசி வரை விளக்கவில்லை. அந்தச் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க ஒரு சாகசப் பயணமும் இல்லை. ஆனால் ஓரிடத்தில், இரவில், மூழ்கிப்போன ஊரின் தெருவிளக்குகள் தண்ணீருக்கடியில் வரிசையாக எரிவதை ஆல்ஃபா பார்க்கிறாள். அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்கு மனம் வருவதேயில்லை. பெரியவரின் பேரன் தகாஹிரோ தொகுதிக்குத் தொகுதி வளர்கிறான். தொடக்கத்தில் ஆல்ஃபாவை நிமிர்ந்து பார்த்துப் பேசிய பையன், பிறகு அவளைவிட உயரமாகி, ஊரைவிட்டு வேலைக்குப் போகிறான். ஆல்ஃபாவுக்கு மட்டும் வயதே ஆவதில்லை. காலம் போகிறது என்று யாரும் வசனம் பேசுவதில்லை. ஒரு பையனின் உயரம்தான் அதைச் சொல்கிறது. ஜப்பானில் அறிவியல் புனைகதைக்குத் தரப்படும் செய்யூன் விருது 2007இல் இந்தப் படைப்புக்குக் கிடைத்தது. விண்கலமும் போரும் இல்லாத அறிவியல் புனைகதைக்கு!

இரண்டாவது, ஜிரோ தானிகுச்சியின் 'நடக்கும் மனிதர்'. 1990களின் தொடக்கத்தில் வந்தது. புதிதாக ஒரு வீட்டுக்குக் குடிவந்த நடுவயதுக்காரர் ஒருவர் தன் ஊரைச் சுற்றி நடக்கிறார். ஒவ்வொரு சிறு கதையிலும் ஒரு நடை. மழை வருகிறது, நனைகிறார். பனி பெய்கிறது, நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போகிறார். பிள்ளைகளின் விளையாட்டு விமானம் மரத்தில் சிக்கிக்கொள்கிறது, ஏறி எடுத்துக் கொடுக்கிறார். ஓர் இரவு யாருமில்லாத நீச்சல் குளத்தில் இறங்கி நீந்துகிறார். பக்கம் பக்கமாக வசனமே கிடையாது.

இந்தப் புத்தகத்தை வரைபவளின் கண்ணோடு பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. கோடுகளைக் கவனியுங்கள். அந்த மனிதரின் முகத்துக்குத் தானிகுச்சி செலவழிப்பது நாலைந்து கோடுகள். கண்ணாடி, மூக்கு, ஒரு மெல்லிய புன்னகை, தீர்ந்தது. அவருக்குப் பின்னால் இருக்கும் வேலிக்கும் கூரை ஓடுகளுக்கும் மின்கம்பிகளுக்கும் மரத்து இலைகளுக்கும் கோடுகளை வாரி இறைத்திருக்கிறார். கோடு அடர்ந்திருக்கும் இடத்தில் வாசகரின் கண் நின்றுதான் போகும். முகத்தை ஒரு நொடியில் கடந்துவிடுவோம், வேலியின் மேல் தங்கிவிடுவோம். அதாவது அந்த மனிதர் எதைப் பார்த்துக்கொண்டு நடக்கிறாரோ, அதையே அவருடைய வேகத்தில் நாமும் பார்த்துக்கொண்டு நடக்கிறோம். "நிதானமாகப் பார்" என்று எங்கேயும் எழுதவில்லை. கோடுகளின் கணக்கு நம்மை நிதானமாக்கிவிடுகிறது. படிப்பவருக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. "பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது" என்று அந்தப் பிள்ளை சொன்னது எவ்வளவு துல்லியமான விமர்சனம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கட்டங்களை அடுக்குவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் ஊரில் 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அந்த நாளிலிருந்து நம் கண் ஒருவகைச் சித்திரக்கதைக்குப் பழகியிருக்கிறது. ஒரு கட்டத்தில் கை ஓங்கும், அடுத்த கட்டத்தில் அடி விழும். அந்தக் கதைகள் எனக்கு உயிர். அவற்றைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தை நோக்கி நம்மைத் தள்ளும். அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்கிளவுட் 1993இல் வெளியிட்ட நூலில், ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் விதங்களை ஆறாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று, காலம் நகராமல் ஒரே இடத்தின் பல கூறுகளை அடுத்தடுத்துக் காட்டுவது: ஒரு கட்டத்தில் கூரை, அடுத்ததில் அதன் விளிம்பில் தொங்கும் நீர்த்துளி, அடுத்ததில் ஈரமான செருப்பு. மேற்கத்தியக் கதைகளில் அபூர்வமான இந்த வகை ஜப்பானியக் கதைகளில் தாராளமாக வருவதை அவர் எடுத்துக்காட்டினார். வாசகர் அந்தத் துண்டுகளைத் தாமே கோத்து ஓர் இடத்தைக் கட்டிக்கொள்கிறார். தாமே கட்டிய இடம் என்பதால் அங்கிருந்து கிளம்ப மனம் வருவதில்லை.

இதற்குப் பின்னால் பணம் சார்ந்த காரணங்களும் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் மாங்கா முதலில் வெளிவருவது நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட மலிவான இதழ்களில். அங்கே மழைக்கென்று ஒரு முழுப்பக்கம் ஒதுக்க ஆசிரியருக்குக் கட்டுப்படியாகும். இருபது முப்பது பக்கத்துக்குள் வில்லனைப் பிடித்தாக வேண்டிய கதாசிரியருக்கு அது கட்டுப்படியாகாது. தொலைக்காட்சி அனிமேயில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. 1963 ஜனவரியில் ஒசாமு தெசுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' வாராந்தரத் தொடராக வந்தபோது, கையில் இருந்த பணத்துக்கு ஒவ்வோர் அசைவையும் முழுமையாக வரைய முடியவில்லை. ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், அசையாத படங்களை அதிக நேரம் திரையில் நிறுத்தினார்கள். வறுமையால் வந்த அந்த அசையாமையைப் பின்னால் வந்தவர்கள் ஓர் அழகாகவே கையாளக் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவதாக, 'முஷிஷி'. யுகி உருஷிபாரா 1999இல் தொடங்கி 2008இல் முடித்த மாங்கா. ஹிரோஷி நகஹாமா இயக்கத்தில் 2005இல் இதன் அனிமே தொடர் தொடங்கியது, 26 பகுதிகள். முஷி என்பவை செடியும் அல்ல விலங்கும் அல்ல, உயிரின் வேருக்கு அருகில் இருக்கும் ஒருவகைப் பிறவிகள். பெரும்பாலானவர்கள் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றால் அல்லல்படும் ஊர்களுக்கு கிங்கோ என்ற வைத்தியன் போகிறான். அவன் இருக்கும் இடத்தை முஷிகள் தேடி வரும் என்பதால் எந்த ஊரிலும் அவனால் நிலையாகத் தங்க முடியாது.

மூன்றாம் பகுதி பனி மூடிய ஒரு மலைக் கிராமத்தில் நடக்கிறது. பனி எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்ட இரவுகளில், ஒலியைத் தின்னும் முஷிகள் மனிதர்களின் காதுக்குள் குடிபுகுகின்றன. பலருக்குக் காது கேட்காமல் போகிறது. மாஹோ என்ற சிறுவனுக்கு மட்டும் மாறாக, ஓயாமல் ஏதேதோ ஒலிகள் கேட்கின்றன. நெற்றியில் கொம்பும் முளைக்கிறது. அவனுடைய தாய் இதே நோயில் இறந்தவள். தாயும் மகனும் ஒருவர் காதை ஒருவர் கைகளால் பொத்திக்கொண்டு ஓர் ஒலியைக் கேட்டதுண்டு. எரிமலைக் குழம்பு ஓடும் ஒலி அது என்று தாய் சொல்லியிருந்தாள். நோய்க்கான மருந்தும் அந்த ஒலிக்குள்தான் இருக்கிறது.

வானொலியில் பேசுவதால் இதை உங்களிடம் கேட்கிறேன். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வேண்டாம். மற்றவர்கள் இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை அழுத்தி மூடுங்கள். நான் சில விநாடிகள் பேச்சை நிறுத்துகிறேன்.

தொலைவில் ஏதோ உருளுவதைப் போன்ற, அடித்தொண்டையில் உறுமுவதைப் போன்ற ஓர் ஒலி கேட்டதா? அது உங்கள் கைத் தசைகள் இயங்கும் ஒலி. நீங்கள் பிறந்ததிலிருந்து உங்களோடு இருப்பது. அந்தப் பகுதியில் கதாநாயகன் யாரையும் வெல்லவில்லை, முஷிகளைக் கெட்டவை என்றும் சொல்லவில்லை. ஒரு சிறுவன் தன் கைகளுக்குள் இருக்கும் ஒலியைக் கேட்கிறான், பார்க்கும் நாமும் நம்மை அறியாமல் காதைப் பொத்திப் பார்க்கிறோம். அந்தத் தொடரின் ஒலியமைப்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பனி விழும் காட்சிகளில் இசையை இழுத்து நிரப்பாமல் அமைதியை அப்படியே விட்டிருக்கிறார்கள். அது அமைதியாக இருப்பதால்தான் அந்த உறுமல் நமக்குக் கேட்கிறது.

ஜப்பானில் இந்த வகைக்கு 'மனத்துக்கு ஆறுதல் தருபவை' என்று பொருள்படும் ஒரு முத்திரை இருக்கிறது. 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம், மார்ச் மாதம் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல், அதற்கும் முன்பே சரிந்துவிட்ட பொருளாதாரம். களைத்துப்போன மக்கள் ஆறுதல் தேடினார்கள், அதனால் இவை விற்றன என்று விளக்கம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கலாம். எனக்கு அது போதவில்லை. ஆல்ஃபாவின் கதை அந்த நிலநடுக்கத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. முஷிஷியிலோ சாவும் பிரிவும் கொஞ்சமல்ல; கிங்கோவால் காப்பாற்ற முடியாமல் போனவர்களும் உண்டு. இவை என்னைத் தடவிக்கொடுத்துத் தூங்கவைக்கவில்லை. பார்த்து முடித்த பிறகு கண்ணும் காதும் முன்னைவிட விழிப்பாக இருப்பதைத்தான் நான் உணர்ந்திருக்கிறேன்.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்தின் மரம், பறவை, விலங்கு, தொழில் எல்லாம் கரு. பிரிவு, காத்திருப்பு போன்ற உணர்வு உரி. இந்த மூன்றில் முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தவை என்பது இலக்கணம். நான் சொன்ன மூன்று படைப்புகளும் முதலையும் கருவையும் கொண்டு பக்கங்களை நிரப்பிவிட்டு, உரியை நம்மிடம் விட்டுவிடுகின்றன. மூழ்கிய தெருவின் விளக்குகளைப் பார்த்து நிற்கும் ஆல்ஃபாவுக்கு இரங்கலா, வியப்பா, வெறும் ரசனையா? எழுதவில்லை. அன்றைக்கு நம்மிடம் எது இருக்கிறதோ அது அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. நமக்குள்ளிருந்து வந்த உணர்வுக்குப் புத்தகத்தில் காரணம் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இவ்வளவு சொன்ன பிறகும் எல்லாம் விளங்கிவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். இதே உத்திகளோடு, இதே நிதானத்தோடு வந்து, இரண்டு பக்கத்தில் என்னைச் சலிப்படைய வைத்த மாங்காக்களும் இருக்கின்றன. அடர்ந்த கோடு, வசனமில்லாத கட்டம், மழை எல்லாமே இருக்கும். அப்படியும் ஒட்டாது. அங்கே என்ன குறைகிறது என்று என் மாணவர்களோடு சேர்ந்து இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தேடல் எங்கள் வகுப்பில் நடக்கும் மிக நல்ல உரையாடல்களில் ஒன்று.

தொடங்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு யோசனை. 'நடக்கும் மனிதர்' ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. வசனம் குறைவு என்பதால் மொழி தடையாக இருக்காது. ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள், சுவை தெரியாமல் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு நடை போதும். முஷிஷியை இரவில், வீட்டில் மற்ற சத்தங்கள் அடங்கிய பிறகு பாருங்கள்; மூன்றாம் பகுதியிலிருந்தே தொடங்கலாம், ஒவ்வொன்றும் தனிக்கதைதான். வீட்டில் பிள்ளைகள் இப்படி ஏதாவது பார்த்துக்கொண்டிருந்தால் "இதில் என்ன கதை?" என்று கேட்காதீர்கள். எந்தக் காட்சியில் நின்றுவிட்டாய் என்று கேளுங்கள். அதற்கு அவர்களிடம் கட்டாயம் பதில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.