பிள்ளையின் தோளில் ஏறக்கூடாத பாரம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வாழும் ஒருவர் மாதந்தோறும் ஒரு தொகையை அனுப்பி, தாம் நேரில் கண்டிராத ஒரு பிள்ளையின் படிப்புக்கும் பராமரிப்புக்கும் துணை நிற்கும் சிறுவர் அனுசரணை என்ற ஏற்பாட்டைப் பற்றிப் பேசுமாறு இந்நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். திருகோணமலை மாவட்டத்தில் சிறுவர் பராமரிப்புச் சேவையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நான் இன்று வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். இந்த உதவி தேவையானது, பயன் தருவது. ஆனால் அதைப் பெறுவதற்கு ஈடாகப் பிள்ளை எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை வரக்கூடாது. நன்றியைக் காட்டுவதும், வறுமையைக் காட்டுவதும், முகத்தைக் காட்டுவதும் பிள்ளையின் கடமையாகிவிடக் கூடாது.

இந்த ஏற்பாடு போர்களிலிருந்து பிறந்தது. முதலாம் உலகப் போர் முடிந்த பின்னரும் தொடர்ந்த முற்றுகையினால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பட்டினியால் வாடியபோது, இங்கிலாந்தில் எக்லன்ரைன் ஜெப் என்ற பெண்மணி தம் சகோதரியுடன் சேர்ந்து 1919ஆம் ஆண்டு சிறுவர் பாதுகாப்பு நிதியம் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1937இல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, ஜோன் லாங்டன் டேவிஸ் என்ற பிரித்தானியப் பத்திரிகையாளர், அகதிப் பிள்ளை ஒருவருக்கு வெளிநாட்டவர் ஒருவர் என்று இணைத்து, பணத்தோடு கடிதத்தையும் பரிமாறச் செய்யும் முறையை வகுத்தார். அதுவே இன்று பிளான் இன்டர்நஷனல் என்ற பெரிய அமைப்பாக இருக்கிறது. அடுத்த ஆண்டில் சீனப் பிள்ளைகளுக்காகவும், 1950களின் தொடக்கத்தில் கொரியப் போரில் அநாதைகளானவர்களுக்காகவும் இதே முறையில் புதிய அமைப்புகள் தோன்றின. வேர்ல்ட் விஷனும் கம்பஷன் இன்டர்நஷனலும் தம் அனுசரணைப் பணியைக் கொரியாவில் தொடங்கியவைதாம். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைக்குத் தூரத்திலிருந்து ஒரு பெற்றோரைத் தேடிக் கொடுப்பது என்பதே அக்காலத்து எண்ணம்.

இன்று அனுசரணை பெறும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் தம் பெற்றோருடனோ, தாயுடனோ, அம்மம்மாவுடனோ வாழ்பவர்கள். முறையோ அநாதைப் பிள்ளைக்காக அமைந்த அதே வடிவில் நிற்கிறது. ஒரு படம், ஒரு பெயர், ஒரு பிறந்த தேதி, ஒரு கடிதம் என்று பிள்ளை தனியாக முன்னால் நிறுத்தப்படுகிறது. விடியுமுன் வயலுக்குப் போய்வரும் தாயும், கடலுக்குப் போகும் தந்தையும் அந்தப் படத்தில் இல்லை. அனுசரணையில் பின்னர் எழும் சங்கடங்களில் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

பணம் எப்படி வருகிறது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றிய தவறான எண்ணத்தால் அயலவர்களிடையே மனக்கசப்பு ஏற்பட்டதை நான் கண்டிருக்கிறேன். பெரிய நிறுவனங்களில் ஓர் அனுசரணையாளர் மாதம் ஏறத்தாழ 40 டொலர் செலுத்துகிறார். நம் கணக்கில் அது 12,000 ரூபாய் அளவில் வரும். அந்தத் தொகை அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்கப்படுவதில்லை. ஒரு பிரதேசத்துக்கு வரும் அனுசரணைப் பணம் முழுவதும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, நிர்வாகச் செலவு போக, கிணறு, முன்பள்ளி, போசாக்கு, தாய்மாருக்கான பயிற்சி, பாடசாலைக்கான உதவி என்று செலவிடப்படுவதே பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். சில நிறுவனங்கள் மட்டும் பிள்ளைக்கு நேரடியாக உடை, பாடசாலைச் செலவு, மருத்துவம், மாலை வகுப்பு ஆகியவற்றை வழங்குகின்றன. ஆகவே, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படம் எடுக்கப்பட்டது, நம் பிள்ளையின் படம் எடுக்கப்படவில்லை என்பதற்காக, அந்த வீட்டுக்கு மாதம் பன்னிரண்டாயிரம் வருகிறது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

இது பயன் தருகிறதா என்ற கேள்விக்கு ஓரளவு உறுதியான பதில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டில் மூன்று பொருளியல் ஆய்வாளர்கள், இந்தியா உட்பட ஆறு நாடுகளில், கம்பஷன் நிறுவனத்தின் அனுசரணையில் 1980க்கும் 1992க்கும் இடையில் இருந்து, பின்னர் வளர்ந்து பெரியவர்களானவர்களைத் தேடிக் கண்டு, அனுசரணை பெறாத உடன்பிறந்தோருடனும் அயலவருடனும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அதில் இருந்தன. அனுசரணை பெற்றவர்கள் சராசரியாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள்; இடைநிலைக் கல்வியை முடித்தவர்களும் சம்பள உத்தியோகம் பெற்றவர்களும் அவர்களிடையே அதிகமாக இருந்தார்கள். ஒரு நிறுவனத்தின், பிள்ளைக்கு நேரடியாக உதவும் திட்டத்தின் முடிவுதான் இது. எல்லா நிறுவனத்துக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் ஒரு பிள்ளையின் வாழ்வில் ஒன்றரை ஆண்டுப் படிப்பு என்பது சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிடுவதற்கும் உயர்தரம் முடிப்பதற்கும் இடையிலான தூரத்தில் பெரும்பகுதி. அனுசரணையே வேண்டாம் என்று சொல்வோரோடு நான் உடன்படாதது இதனால்தான்.

மறுபக்கமும் உண்டு. 1998இல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்துப் பத்திரிகை ஒன்றின் செய்தியாளர்கள் தாங்களே அனுசரணையாளர்களாகச் சேர்ந்து, தாங்கள் பொறுப்பேற்ற பிள்ளைகளைத் தேடிப் போனபோது, மாலி நாட்டில் ஒரு சிறுமி எப்போதோ இறந்துபோயிருந்தாள். அவளுக்கென்று பணம் பெறப்பட்டுக்கொண்டே இருந்தது. அதன் பின்னர் பல நிறுவனங்கள் தம் கண்காணிப்பைச் சீர்செய்தன. 2017ஆம் ஆண்டில் வெளிநாட்டு நன்கொடை பற்றிய இந்திய அரசின் கட்டுப்பாட்டினால் கம்பஷன் நிறுவனம் அந்நாட்டைவிட்டு வெளியேறியபோது, ஏறத்தாழ ஒரு இலட்சத்து நாற்பத்தைந்தாயிரம் பிள்ளைகளின் உதவி ஒரே சமயத்தில் நின்றுபோனது. எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, தன் படிப்பு எங்கோ இருக்கும் அரசுகளின் தீர்மானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிய வந்திருக்கும்.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து போன பின்னரும், 2006இல் சம்பூர், மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று மக்கள் இடம்பெயர்ந்த பின்னரும் பெரிய நிறுவனங்கள் இங்கே நிறைய வேலை செய்தன. இன்று அவற்றில் பல போய்விட்டன, சில சுருங்கிவிட்டன. அந்த இடத்துக்கு இப்போது வந்திருப்பவர்கள் நம் உறவுகளே. கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்களும், கோயில் சபைகளும், தனிக் குடும்பங்களும் பிள்ளைகளைப் பொறுப்பேற்று உதவுகிறார்கள். 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டி, பால்மாவும் கொப்பியும் எட்டாத பொருள்களானபோது, பல வீடுகளில் பிள்ளைகள் பாடசாலையை விட்டு நிற்காமல் காத்தது அந்தப் பணம். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அவர்களிடமே ஒன்றை உரிமையோடு கேட்க விரும்புகிறேன். தயவுசெய்து பிள்ளைகளை மேடையில் ஏற்றாதீர்கள். பெரிய பதாகை, அதில் கொடையாளரின் பெயர், அதன் கீழே ஒரு சைக்கிளையோ புத்தகப் பையையோ இரு கைகளாலும் பிடித்தபடி நிற்கும் பிள்ளை, அந்தப் படம் அன்று மாலையே முகநூலில். தந்தை இல்லாதவர், வீடு இல்லாதவர் என்ற விவரமும் கிராமத்தின் பெயரும் கூடவே. மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை எப்படித் தலை நிமிர்ந்து உட்காரும் என்பதை அந்த மேடையை அமைப்பவர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் போதும். பதினான்கு வயதுப் பெண்பிள்ளையின் படத்தையும் ஊரையும் குடும்ப நிலையையும் ஒன்றாகப் பகிரங்கப்படுத்துவது வெட்கத்தோடு முடிகிற விடயமும் அல்ல, அது ஆபத்து. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை, பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு, மானம் உண்டு என்றுதான் சொல்கிறது.

அதுபோலவே தொலைபேசி. பணம் அனுப்புபவர் நல்லவராகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான். என்றாலும் பிள்ளையின் கைபேசிக்கு நேரடியாகக் காணொளி அழைப்பு எடுப்பதும், தாய்க்குத் தெரியாமல் செய்தி அனுப்புவதும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கப்படக் கூடாது. பெரிய நிறுவனங்கள் கடிதங்களைப் படித்துப் பார்த்தே பிள்ளையிடம் கொடுப்பதும், அலுவலர் இல்லாமல் சந்திப்புக்கு இடமளிக்காததும் இதனால்தான். சங்கங்களும் குடும்பங்களும் அந்த ஒழுங்கையாவது அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தாயுடனோ வகுப்பாசிரியருடனோ பேசினால் போதும். பிள்ளை விரும்பினால் எழுதட்டும். எழுதாவிட்டால் உதவி நின்றுவிடும் என்ற அச்சம் அதற்கு இருக்கக் கூடாது.

சிறுவர் இல்லங்களுக்கு உதவ விரும்புவோரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்நாட்டு இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்தது. வறுமை ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை வரவேற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் கூறுகின்றன. ஒரு தலைக்கு இவ்வளவு என்று இல்லத்துக்கு அனுப்பும் அதே பணம் தாயின் கையில் கிடைத்திருந்தால், அந்தப் பிள்ளை தன் வீட்டுத் திண்ணையிலேயே இருந்து படித்திருக்கலாம். உண்மையிலேயே யாரும் இல்லாத பிள்ளைகளுக்கு இல்லம் தேவை, அதை நடத்துவோரின் உழைப்பையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் உதவுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பிள்ளை வீட்டில் இருக்க என்ன தேவைப்படும் என்பதே.

என்ன தேவைப்படும் என்பதைத் தூரத்திலிருந்து ஊகிக்க முடியாது. 1945இலிருந்து இங்கே கல்வி இலவசம். பாடநூலும் சீருடைத் துணியும் அரசு தருகிறது. ஆகவே பாடசாலைக் கட்டணம் என்று பணம் கேட்டால் விசாரிக்க வேண்டும். உண்மையான செலவு பஸ் பணம், சப்பாத்து, கொப்பி, காலைச் சாப்பாடு, மாலை வகுப்புக் கட்டணம் ஆகியவைதாம். வெருகலில் இருந்து ஒரு பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பினால், நகரத்துப் பாடசாலைக்கு வந்து தங்குவதற்கு இடமும் சாப்பாடும் வேண்டும்; கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் கலைப்பிரிவுக்குத் திரும்புவது விருப்பத்தால் அல்ல, இந்தச் செலவினால்தான். இரண்டு ஆண்டுகள் தங்குமிடச் செலவை ஏற்கும் ஒருவர், நூறு புத்தகப் பைகள் கொடுப்பவரைவிடப் பெரிய காரியம் செய்கிறார்.

மாதப் பணம் தாயின் அல்லது பாதுகாவலரின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். பிள்ளையின் பெயரிலுள்ள சிறுவர் சேமிப்புக் கணக்கில் இட்டால் பதினெட்டு வயதுவரை பொதுவாக எடுக்க இயலாது. தவணைக்கு ஒரு முறை அதிபரிடமிருந்து பிள்ளையின் பாடசாலை வரவும் முன்னேற்றமும் பற்றிய சிறு குறிப்பு கிடைத்தால் கணக்கும் தெளிவாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொறுப்பேற்கும்போதே எந்தப் பரீட்சை வரை என்பதைத் தாயிடம் சொல்லிவிட வேண்டும். அனுப்ப முடியாத நிலை வந்தால், ஆறு மாதம் முன்பாகவே அறிவித்து, சங்கத்தில் இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

தாய்மாரே, உங்கள் பிள்ளையின் படத்தையோ விவரத்தையோ யாராவது கேட்டால், எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் உதவி இல்லை என்று சொல்வோரைப் பற்றி உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்கு யாராலும் தொல்லை என்று தோன்றினால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், பொறுமையுடன் செவிமடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. வணக்கம்.