புத்தாண்டில் மனதுக்கு ஒரே ஒரு பழக்கம்

[திரையில்: ஜனவரி 1. புது டைரியின் முதல் பக்கம், பத்துத் தீர்மானங்கள்.]

இந்தப் பக்கத்தைப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுவது, தியானம், ஓட்டம், இனிப்புக்குத் தடை, போனுக்குத் தடை... மொத்தம் பத்து. பொங்கி எழும் வேகத்தில் எழுதிவிடுகிறோம். இரண்டாவது வாரத்தில் டைரி எங்கேயோ அடியில் போய்விடுகிறது, ‘என்னால் எதுவுமே முடியாது’ என்ற நினைப்பு மட்டும் மிச்சம். மனதைத் தேற்ற எழுதியதே மனதைச் சோர்வாக்கினால் எப்படி?

அதனால் நான் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். விடுமுறை நாளிலும்தான்.

[திரையில்: அலாரம் கடிகாரம்.]

படுக்கும் நேரத்தைச் சொல்லாமல் எழும் நேரத்தைச் சொல்வது ஏன்? தூக்கத்தைக் கூப்பிட்டால் அது வராது. எழுவது ஓரளவு நம் கையில் இருக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரத் தூக்கம் கண்ணை அழுத்தும். காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பத்து மணிக்குள் 16 மணி நேரச் சேமிப்பு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்கியவருக்கு 12 மணி நேரம்தான். அப்புறம் புரண்டு புரண்டு படுக்க வேண்டியதுதான். திங்கட்கிழமை எரிச்சலோடு விடியும். நாம் வேலையைத் திட்டுவோம். பாதிப் பழி ஞாயிற்றுக்கிழமைக்குப் போக வேண்டியது!

காபியும் இங்கேதான் குறுக்கே வருகிறது. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் உட்கார்ந்துகொள்ளும். அது உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காபியின் பாதி, பத்து மணிக்கும் உள்ளே விழித்துக்கொண்டிருக்கும்.

[திரையில்: திறந்த கதவு, காலை வெளிச்சம்.]

எழுந்தாயிற்று. போனை எடுப்பதற்கு முன் வெளிச்சத்துக்குப் போங்கள். மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம், கண்ணில் படும் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. மேகமூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, வெளியே இருக்கும் வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். நின்றால் போதும், நடந்தால் இன்னும் நல்லது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பயப்படாதீர்கள், நாளொன்றுக்கு 22 நிமிடம்கூட முழுதாக வராது.

[திரையில்: நாட்காட்டி. ‘21’ அடிக்கப்படுகிறது.]

‘21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்’ என்று கேட்டிருப்பீர்கள். இதை நம்பித்தான் பலர் 22-வது நாளில் மனம் உடைகிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயல் தானாக வரும் அளவுக்குப் பழகப் பொதுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு விஷயம்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை. ஆகவே ஒரு நாள் தூங்கிவிட்டால், மறுநாள் அலாரத்துக்கு எழுங்கள். ‘சரி, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து’ என்று மட்டும் தள்ளாதீர்கள்.

இரவில் நாளைய வேலைகள் மண்டைக்குள் ஓடினால், படுக்கும் முன் ஐந்து நிமிடம் அவற்றைத் தாளில் இறக்கி வையுங்கள். போனில் எழுத வேண்டாம். எழுதப் போய் வேறெங்கோ போய்விடுவோம்.

இரவுப் பணியில் இருப்பவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இந்த ஒரே நேரக் கணக்கு ஒத்துவராது. கிடைத்த நேரத்தில் தூங்குங்கள், குற்ற உணர்வு வேண்டாம்.

[திரையில்: எழுத்து எதுவும் இல்லை.]

சில சமயம் தூக்கம் கெடுவதே நோயின் அறிகுறியாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே கிடந்தாலோ, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனாலோ, அலாரத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது விழிப்பு வந்தது என்று குறித்து வைத்திருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், அவருக்கு உதவும். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் இரண்டு வாரக் கணக்கு கிடையாது. அன்றைக்கே, நம்பும் ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.