பாதியில் நின்ற பாட்டு

வணக்கம் நேயர்களே. பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த விஷயத்தைப் பற்றி யாராவது என்னிடம் வாய் கொடுத்தால் மணிக்கணக்கில் விடமாட்டேன் என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு நேர் எதிரே பெரிய கடிகாரம் மாட்டியிருக்கிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் உட்கார்ந்திருக்கிறார்.

கொடுத்த விஷயம் இரண்டு. புதிய இண்டி இசையை, அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராத இசையை, தேடிப் பிடிப்பது ஒன்று. பழைய, பிடித்த பேண்டுகளிடம் திரும்பிப் போவது இன்னொன்று. எனக்கு இவை இரண்டாகத் தெரிந்ததே இல்லை. ஏன் என்பதற்கு ஒரு பாட்டின் கதையைச் சொல்லவேண்டும்.

1994-இல் ஒரு ராத்திரி. வானொலியும் கேசட் பிளேயரும் ஒட்டிப் பிறந்த டூ-இன்-ஒன் ஒன்று என்னிடம் இருந்தது. புதிய இசை போடுகிற நிகழ்ச்சிகள் எல்லாம் நடுராத்திரியில்தான் வரும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, ரெக்கார்ட் பொத்தானையும் ப்ளே பொத்தானையும் ஒருசேர அமுக்கிவிட்டு நானும் படுத்துவிடுவேன். அறுபது நிமிடக் கேசட். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். அந்த முப்பது நிமிடத்தில் எது மாட்டுகிறதோ அது மறுநாள் எனக்கு.

அன்றைக்கு மாட்டியதில் கடைசிப் பாட்டு ஒன்று. கிட்டார்தான், ஆனால் தண்ணீருக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள் ஓர் ஆண் குரல். கொஞ்சம் தள்ளி ஒரு பெண் குரல். இரண்டும் கிட்டாருக்குள் கரைந்து போகின்றன. பாட்டு விரிந்துகொண்டே போகிறது, போகிறது, அப்புறம் 'டக்'. நாடா தீர்ந்து பொத்தான் எழும்பிவிட்டது.

பாட்டின் பெயர் என்ன, பாடியது யார்? தெரியாது. அந்த அறிவிப்பாளர் பாட்டு முடிந்த பிறகுதான் பெயர் சொல்லுவார். பாட்டுதான் முடியவே இல்லையே!

பதினோரு வருடம் அந்தப் பாட்டை அப்படியே கேட்டேன். பார்க்கிறவர்களிடம் எல்லாம் வாயால் கிட்டார் வாசித்துக் காட்டினேன். ஒருவர், "என்ன, பல்வலியா?" என்று கேட்டார். இன்றைக்கு என்றால் போனை ஸ்பீக்கர் பக்கம் காட்டினால் பெயர் வந்துவிடும். அன்றைக்கு அது கிடையாது.

2005-இல் ஒரு புதிய பேண்டின் சிடி கைக்கு வந்தது. சின்னப் பையன்கள். இரண்டு ஆல்பத்தோடு கலைந்துபோனார்கள், இன்றைக்குப் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. வேறு வேலை பார்த்துக்கொண்டே போட்டுவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது பாட்டு வந்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். அதே பாட்டு! கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக வாசித்திருந்தார்கள். அட்டையைப் புரட்டிப் பார்த்தால், பாட்டு அவர்களுடையது இல்லை, நீல் ஹால்ஸ்டெட் என்பவர் எழுதியது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் பேண்டின் பெயர் ஸ்லோடைவ், பாட்டின் பெயர் 'அலிசன்', 1993-இல் வந்த 'சுவ்லாக்கி' என்கிற ஆல்பத்தின் முதல் பாட்டு. தேடிப் போய்ச் சேர்ந்தபோது அந்த பேண்ட் கலைந்து பத்து வருடம் ஆகியிருந்தது.

சரி, முழுப் பாட்டையும் கேட்டேன். என்ன ஆனது தெரியுமா? எனக்குத் தெரிந்த இடம் வந்ததும் 'டக்' கேட்கவில்லை. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. யாரோ என் பாட்டில் சொந்தமாக எதையோ ஒட்டவைத்துவிட்ட மாதிரி எரிச்சலாக இருந்தது. பதினோரு வருடம் ஏங்கிய மிச்சம் கிடைத்திருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை! இரண்டாவது தடவை கேட்டபோது எரிச்சல் குறைந்தது. மூன்றாவது தடவை, அந்த மிச்சம்தான் பாட்டிலேயே நல்ல பகுதி என்று தோன்றியது. இப்போதும் அந்த இடத்தில் மனசுக்குள் ஒரு 'டக்' கேட்கத்தான் செய்கிறது, அது வேறு விஷயம்.

மூன்று தடவை. இதை இன்றைக்கு நான் பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய பாட்டு எதையும் மூன்று தடவை கேட்காமல் தீர்ப்பு சொல்லாதீர்கள். ராபர்ட் ஸயன்ஸ் என்கிற உளவியலாளர் 1968-இலேயே இதுபற்றி எழுதியிருக்கிறார்: ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணிலோ காதிலோ பட்டாலே அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது என்று. நம் பழைய பாட்டுகள் நமக்கு இனிப்பதில் பாதி இந்தக் கணக்குதான். இருநூறு தடவை கேட்ட பாட்டையும் இன்று காலையில் ஒரே ஒரு தடவை கேட்ட பாட்டையும் தராசில் வைத்துவிட்டு, "இப்போது வருகிற இசையில் ஒன்றும் இல்லை" என்று சொன்னால் என்ன நியாயம்?

பத்திரிகைக்காரர்களும் இதற்கு விலக்கு இல்லை. ஸ்லோடைவ் இங்கிலாந்தில் ரெடிங் நகரத்து பேண்ட். 1989-இல் ஆரம்பித்தபோது எல்லோருக்கும் இருபது வயதுக்கு முன்பின்தான். இந்த வகை இசைக்கு ஷூகேய்ஸ் என்று பெயர். காலணியை வெறித்துப் பார்ப்பவர்கள் என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். கிட்டார் ஒலியை மாற்றுகிற பெடல்கள் காலடியில் கிடக்கும், ரசிகர்களைப் பார்க்காமல் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு வாசித்தார்கள், அதனால். 'சுவ்லாக்கி' வந்தபோது 'மெலடி மேக்கர்' பத்திரிகையில் ஒரு விமர்சகர், இதை இன்னொரு தடவை கேட்பதைவிடக் கஞ்சி நிரம்பிய குளியல் தொட்டியில் மூழ்கிச் சாகலாம் என்கிற அர்த்தத்தில் எழுதினார். 1995-இல் மூன்றாவது ஆல்பம் வந்த கையோடு அவர்களுடைய லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியிடுகிற நிறுவனம், கைகழுவிவிட்டது. பேண்ட் முடிந்தது. மூன்று பேர் மட்டும் மொஹாவே 3 என்ற பெயரில் வேறு மாதிரி இசைக்குப் போனார்கள். அவர்களும் எனக்குப் பிடித்தவர்கள்தான், ஆனால் அந்தப் பக்கம் போனால் திரும்பமாட்டேன்.

2014-இல் ஸ்லோடைவ் மறுபடி மேடை ஏறினார்கள். பார்க்க வந்த கூட்டத்தில் பலர், பேண்ட் கலைந்த சமயத்தில் கைக்குழந்தைகளாக இருந்திருப்பார்கள். அந்தக் கஞ்சித் தொட்டி ஆல்பத்தை இன்றைக்கு அந்த வகையின் தலைசிறந்தவற்றில் ஒன்று என்று எழுதுகிறார்கள். ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை.

இந்த 'இண்டி' என்கிற வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்லிவிடவேண்டும். இப்போது அதை ஏதோ ஒரு ராகத்தின் பெயர் மாதிரிச் சொல்கிறோம்: மெல்லிய குரல், கொஞ்சம் சோகம், ஓர் அக்கூஸ்டிக் கிட்டார். முதலில் அதற்கு அர்த்தம், இசைத்தட்டை யார் காசில் யார் வெளியிட்டார்கள் என்பது மட்டும்தான். மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் பேண்ட், 1976 டிசம்பர் கடைசியில், கடன் வாங்கிய 500 பவுண்டை வைத்துக்கொண்டு நான்கு பாட்டுகளைப் பதிவு செய்து, அடுத்த மாதமே சொந்தமாக வெளியிட்டார்கள். முதலில் அடித்தது ஆயிரம் தட்டு. அதில் எனக்குப் பிடித்த சங்கதி, ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, மேலே எதையாவது சேர்த்தார்களா என்பதை உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். இது மந்திரம் இல்லை, நீயும் செய்யலாம் என்று சொல்கிற உறை! 1980-இல் இங்கிலாந்தில் இண்டிக்கென்று தனி விற்பனைப் பட்டியலே வந்தது. பெரிய நிறுவனங்களின் கையைத் தொடாமல் கடைக்குப் போன தட்டா என்பதுதான் அதற்குத் தகுதி. அதனால் பளபளவென்று ஆடிப்பாடிய பாப் பாடகி கைலி மினோக்கும் அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தார். தாடி வைத்த இண்டி ரசிகர்களுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்!

சரி, புதுசைத் தேடுவதற்கு வருகிறேன். அந்தக் காலத்தில் வானொலிதான் கதி. பிபிசி ரேடியோ ஒன்றில் ஜான் பீல் என்றொரு மனிதர், 1967-இல் ஆரம்பித்து 2004-இல் இறக்கும்வரை, யாருமே கேள்விப்படாத பேண்டுகளைப் போட்டுக்கொண்டே இருந்தார். சில சமயம் இசைத்தட்டைத் தப்பான வேகத்தில் ஓடவிட்டுவிடுவார். தப்பான வேகத்தில் கேட்டுப் பிடித்துப்போனவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள், என் 'டக்' மாதிரி.

இப்போது அந்த வேலையை ஒரு கணினிக் கணக்கு செய்கிறது. இணையத்தில் பாட்டு கேட்கிற செயலியான ஸ்பாட்டிஃபை 2015-இலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆளுக்கு முப்பது பாட்டு எடுத்துக் கொடுக்கிறது. நம்மைப் போலவே கேட்கிற மற்றவர்கள் எதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் கொடுக்கிறது. நான் அதைத் திட்ட வரவில்லை, அதிலிருந்து நல்ல பேண்டுகள் கிடைத்திருக்கின்றன. என் குறை வேறு. முப்பது விநாடி கேட்டால்தான் அங்கே ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. நாமும் முப்பதாவது விநாடியிலேயே அடுத்ததுக்குத் தாவிவிடுகிறோம். 'அலிசன்' பாட்டை அப்படித் தாவியிருந்தால் எனக்கு இன்றைக்குப் பேச ஒன்றுமே இருந்திருக்காது. அதனால் நான் ஒன்று செய்கிறேன்: முப்பதையும் ஓட்டுவதில்லை. இரண்டே இரண்டு எடுத்து, அந்த வாரம் முழுக்க அதையே கேட்கிறேன். மூன்று தடவை. சொன்னேனே!

அப்புறம், திரும்பிப் போவது. பிடித்த பேண்ட் பல வருடம் கழித்துப் புது ஆல்பம் போட்டால் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வருகிறது. மை பிளடி வாலன்டைன் பேண்ட் 1991-க்குப் பிறகு அடுத்த ஆல்பத்தை 2013-இல் வெளியிட்டது. இருபத்திரண்டு வருடம்! ஒரே நேரத்தில் எல்லோரும் போய் விழுந்ததில் அவர்களுடைய இணையதளமே படுத்துவிட்டது. ஸ்லோடைவ் விஷயத்திலும் அதே இடைவெளி, 1995-க்குப் பிறகு 2017. அந்த ஆல்பத்தை வாங்கி வைத்துவிட்டு ஐந்து மாதம் நான் தொடவே இல்லை. பழைய கூட்டாளியை வாசலில் நிற்க வைத்துவிட்டு, கதவு ஓட்டை வழியாக, "முடி நரைத்திருக்கிறதா, ஆள் மாறிவிட்டானா?" என்று பார்க்கிற மாதிரி. கடைசியில் போட்டுக் கேட்டேன். குரல்கள் கொஞ்சம் தடித்திருந்தன. மேளம் முன்னைவிடத் துல்லியமாக இருந்தது. முதல் தடவை, பழைய மாதிரி இல்லையே என்று குறைப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது: நான் அதில் தேடியது 1993-ஆம் வருடத்தை. அவர்கள் கொடுத்தது புதிய ஆல்பம். புதிய பேண்டுக்குக் கொடுக்கிற அதே மூன்று தடவையை இவர்களுக்கும் கொடுத்தேன், பிறகு அது என்னை விடவில்லை.

இன்னும் ஒன்று நடந்தது. அந்த ஆல்பத்தை வெளியிட்ட லேபிள் டெட் ஓஷன்ஸ். அவர்களிடம் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் ஜப்பானீஸ் பிரேக்ஃபாஸ்ட், மிட்ஸ்கி, குருவாங்பின். குருவாங்பின், டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டனைச் சேர்ந்த மூவர். தாய் மொழியில், அதாவது தாய்லாந்து மொழியில், விமானத்துக்கு அந்தப் பெயர். அறுபது, எழுபதுகளின் தாய்லாந்துப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு அந்தக் கிட்டார் நடையைப் பிடித்தவர்கள். நான் அங்கிருந்து அந்தத் தாய்லாந்துப் பாட்டுகளுக்குப் போய்விட்டேன். பாருங்கள்: புதிய பையன்கள் என்னைப் பழைய ஸ்லோடைவிடம் சேர்த்தார்கள், ஸ்லோடைவ் புதிய குருவாங்பினிடம் சேர்த்தது, குருவாங்பின் என்னை அறுபதுகளில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

தயாரிப்பாளர் இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடம். கடைசியில் சொல்ல ஒரு முழுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன், இந்த பேண்டுகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று. ஒரே மூச்சில் சொல்கிறேன். 2024-இலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு ஒரு வருடத்தில் ஆயிரம் தடவைகூடக் கேட்கப்படவில்லை என்றால் அதற்குக் காசு கிடையாது. சின்ன பேண்டுகளில் பாதிப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். பேண்ட்கேம்ப் மாதிரி இணையதளத்தில் நேராக அவர்களிடமே வாங்கலாம், விலையில் பெரும்பங்கு அவர்களுக்குப் போகும். வாங்கியதைச் சொந்தமாகச் சேமித்தும் வையுங்கள். மைஸ்பேஸ் தளத்தில் பன்னிரண்டு வருடம் மக்கள் ஏற்றி வைத்த பாட்டுகள் தொலைந்துபோனது 2019-இல் தெரிய வந்தது. அதில் எத்தனை பேருடைய முதல் பாட்டு இருந்ததோ. திரும்பி வந்திருக்கவே கூடாத பேண்டுகள் என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தேன். அது தப்பித்தது.

இப்போது ஒரு விரல் காட்டுகிறார். 'அலிசன்' பாட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன், நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாட்டு 'அலிசன்', பேண்ட் ஸ்லோடைவ், வருடம் 1993. தயாரிப்பாளரே, தயவுசெய்து கடைசிவரை ஓடவிடுங்கள். வீட்டில் யாராவது பதிவு செய்கிறீர்கள் என்றால், நாடா எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வணக்கம்.